அண்ணாவின் பெட்டிகளில் மச்சாளின் எழுத்து

போன வருஷம், அம்மன் கோயில் வைகாசிச் சடங்குக்கு நாலு நாள் இருக்கும்போது நடந்தது இது. வவுணதீவில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. ரேடியோ, மின்விசிறி, அம்பிளிபயர் எல்லாம் திருத்துவோம். கடை அண்ணாவுடையது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன அண்ணா திரும்பி வரவேயில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அண்ணாவின் கையைப் பார்த்தே வேலை பழகினேன். சாமான்களுக்கு நாங்களே பெயர் வைத்திருந்தோம். உருண்டையாக நிற்பது பீப்பா. நிறக்கோடு போட்டது வரிப்புழு. கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடுவது ஒருவழி. அண்ணா அந்தப் பெயர்களைத்தான் பெட்டிகளில் எழுதி ஒட்டியிருந்தார்.

அண்ணா போய் மூன்று மாதத்தில், தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த மாமா மகளை, என் மச்சாளை, அம்மா கடைக்குக் கூட்டி வந்தார். வந்த அன்றே மச்சாள் அந்தப் பெயர்களுக்கு மேல் கப்பாசிட்டர், ரெசிஸ்டர், டயோட் என்று எழுதி ஒட்டினாள். வருகிறவர்கள் எல்லாம் அவளிடமே கேட்டார்கள். அம்மாகூட அவளுக்குத்தான் முதலில் தேத்தண்ணீர் கொடுத்தார். அண்ணாவின் கதிரையில் அவள் இருப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போனதும் அவள் ஒட்டியதை உரித்து அடுப்பில் போட்டேன். மறுநாள் எல்லாவற்றையும் புதிதாக எழுதித் திரும்ப ஒட்டினாள். அந்தப் பொறுமையும் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் சடங்குக்காகக் கோயில் அம்பிளிபயர் திருத்த வந்தது. உள்ளே ஒரு பீப்பா வீங்கியிருந்தது. நான்தான் செய்வேன் என்று பிடுங்கிக்கொண்டேன். அதே உயரம், அதே பருமனில் ஒன்றைத் தேடி ஈயத்தால் பற்றவைத்தேன்.

"எத்தின வோல்ட் எண்டு பாத்தியாகா?" என்றாள் மச்சாள்.

"அளவு சரியா இரிக்கு. அண்ணாவுக்கு ஒங்கட வோல்ட்டெல்லாம் தெரியா. அவர் திருத்தல்லையா?"

சுவிட்சைப் போட்டுக் குனிந்தேன். உஸ் என்று ஒரு சீறல். மச்சாள் என் பின்னலைப் பிடித்து இழுத்தாள். அந்த நொடியே பீப்பா வெடித்து, அதன் மூடி கூரைத் தகட்டில் போய் அடித்தது. கொஞ்சம் பிந்தியிருந்தால் என் கண் போயிருக்கும். பழையதில் எழுதியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்: அறுபத்து மூன்று வோல்ட் தாங்குவது இருந்த இடத்தில் இருபத்தைந்து தாங்குவதைப் போட்டிருக்கிறேன்.

மச்சாள் சுவிட்சை நிறுத்தினாள். "ஒண்ட அண்ணாவுக்கும் இப்பிடி ஒருக்கா வெடிச்சதுகா. அதுக்குப் பிறகுதான் பின்னேரத்தில எனக்குப் போன் எடுத்து, ஒவ்வொரு சாமானுக்கும் பேர் என்ன, எவ்வளவு தாங்கும் எண்டு கேட்டு எழுதுவார். 'தங்கச்சிட்டச் சொல்லிப்போடாத, எனக்கு எல்லாம் தெரியும் எண்டு நினைச்சிட்டிரிக்காள்' எண்டு சிரிப்பார்."

கண்ணைக் காப்பாற்றியவளுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ முன்னைவிட எரிந்தது. எனக்குத் தெரியாமல் அண்ணா இவளோடு இத்தனை நாள் பேசியிருக்கிறார்! அழுகையோடு கேட்டேன். "முதல்ல என்னத்தக் கேட்டவர்? அதில இருந்து சொல்லுங்க."

அன்று தொடங்கி, அண்ணா கேட்ட வரிசையிலேயே தினம் ஒரு பெயர் சொல்லித்தருகிறாள். பொறாமை போய்விட்டது என்றால் பொய். ஆனால் நான் கேட்காத அண்ணாவின் பேச்செல்லாம் அவளிடம்தான் இருக்கிறது, அதனால் அவள் வரக் கொஞ்சம் பிந்தினாலும் இப்போது வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.