இடது என்றால் வலது

மைதானத்தில் அண்ணையை நான் அதிகம் பார்த்தது தலைகீழாகத்தான். குனிந்து, பந்தைத் தரையில் அழுத்திப் பிடித்தபடி, என் கால்களுக்கு நடுவே பின்னால் பார்ப்பேன். சேறு அப்பிய சப்பாத்துகளும், பந்துக்காக விரித்த இரண்டு கைகளும் தெரியும்.

அவர் என் பெரியம்மாவின் மகன், என்னைவிட ஒரு வயது மூத்தவர். பாரிஸில் ஒரே பல்கலைக்கழகத்தில் படித்தோம். அதன் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடினோம். பெயர்தான் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையால்தான் எறிவார்கள். அதைப் பின்னால் கொடுப்பது என் வேலை. வாங்கி, யாருக்கு எறிவதென்று இரண்டு மூன்று நொடிக்குள் முடிவெடுப்பவர் குவாட்டர்பேக். அந்த இடம் தனக்குத்தான் என்று அண்ணை முதல் நாளே தீர்மானித்துவிட்டார். பயிற்சியாளருக்கோ அவருடைய உயரம் போதவில்லை. முன்வரிசைத் தடியர்களுக்கு மேலால் இவர் எப்படிப் பார்ப்பார் என்று கேட்டார். மெட்ரோவில் வரும்போது அண்ணை என்னிடம் சொன்னார்:

"மேலாலை பாக்கத் தேவையில்லை. இடையாலை பாத்தாக் காணும்."

இரண்டு வருடங்கள் மாற்று ஆட்டக்காரராக ஓரத்து வாங்கில் இருந்தார். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் பெரியப்பாவின் தொலைபேசிக் கடையில் நிற்கும் நேரமெல்லாம், விற்பனைக்கு வைத்த கைப்பேசிகளில் எதிரணிகளின் ஆட்டங்களை ஓடவிட்டுப் பார்த்தார். மூன்றாம் வருடம், அதுவரை குவாட்டர்பேக்காக ஆடியவன் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போனான். அண்ணை உள்ளே வந்தார்.

வந்தவுடன் செய்த முதல் காரியம், அணி முழுவதற்கும் இரண்டு தமிழ்ச் சொற்களைப் படிப்பித்ததுதான்: இடது, வலது. எதிரணியின் நிலையைப் பார்த்துக் கடைசி நொடியில் பக்கத்தை மாற்றி அவர் கத்துவார். எங்களுக்கு மட்டும் விளங்கும். அந்த வருடம் தோற்காமலே அரையிறுதிக்கு வந்தோம்.

அங்கேதான் பிழைத்துப்போனது. அவர் எந்தப் பக்கம் கத்தினாலும், எதிரணியில் ஒருவன் அந்தப் பக்கமே முதலில் பாய்ந்தான். மூன்றாம் தடவை அண்ணையை நிலத்தில் விழுத்திவிட்டு, கை கொடுத்துத் தூக்கியபடி மெதுவாகச் சொன்னான்:

"அண்ணை, நானும் தமிழ்தான். பொண்டியிலை இருக்கிறன்." பொண்டி பாரிஸின் ஒரு புறநகர்.

பயிற்சியாளர் பிரெஞ்சுக்கு மாறச் சொல்லி ஓரத்திலிருந்து கத்தினார். அண்ணை மாறவில்லை. நான்கு புள்ளி பின்னால் நின்றோம். ஒரேயொரு தடவை எறிய மட்டும் நேரம் மிச்சம்; பந்து எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. வட்டமாகக் கூடியபோது, இந்த முறை இடது என்றால் வலது என்று மட்டும் சொன்னார். பிறகு வழக்கத்தைவிடச் சத்தமாக "இடது" என்று கத்தினார். பொண்டிக்காரன் இடப்பக்கம் பறந்தான். நான் ஒருவனைத் தடுத்துக்கொண்டு விழுந்து கிடந்தேன், எறிந்ததைப் பார்க்கவில்லை. வலப்பக்கம் எங்கள் ஆட்கள் போட்ட சத்தத்தில்தான் வென்றது தெரிந்தது.

ஆட்டம் முடிந்ததும் அவன் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வந்தான். "தமிழிலை பொய் சொல்லலாமோ, அண்ணை?"

"விளங்கின ஆளுக்குத்தானே சொன்னனான்."

இறுதி ஆட்டத்தில் தோற்றோம். அண்ணை படிப்பை முடித்து, ஒரு கழகத்தில் இரண்டு பருவம் ஆடி, தோள் பழுதாகி நிறுத்திக்கொண்டார். இன்று ரயில்வேயில் பொறியியலாளர். போன கிழமை லா சப்பலில் தேநீர் குடிக்கும்போது, இன்னும் கொஞ்சக் காலம் ஆடியிருக்கலாம் என்று கவலையில்லையா என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"எறிய நினைச்சதெல்லாம் எறிஞ்சிட்டன்," என்றவர், கோப்பையை வைத்துவிட்டு வேலைக்குப் புறப்பட்டார்.