நீல விளிம்பு மங்கு

என்னிடம் ஒரு மங்கு இருக்கிறது. வெள்ளை எனாமல் கிண்ணம், நீல விளிம்பு, அடியில் பெயர்ந்த இடத்தில் துரு. கடல் கடந்து வந்து, குளுவாங் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸராக இருந்த காலத்தில், காய்ச்சல்காரர்களின் நெற்றிக்குத் துணி நனைக்க வைத்திருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் உபதேசியார் நினைவுதான் வருகிறது.

அந்த எஸ்டேட்டில் லுத்தரன் சபைக் கிறிஸ்தவர்கள் ஏழெட்டுக் குடும்பம். தனிக் கோயில் கிடையாது, பள்ளிக்கூடக் கொட்டகைதான் கோயில். குருவானவரை நாங்கள் ஐயர் என்போம். அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரயிலில் வருவார். மற்ற ஞாயிறுகளில் பள்ளி வாத்தியாரான உபதேசியார்தான் ஜெபம் வாசிப்பார், பாட்டெடுப்பார், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார். திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்க மட்டும் அவருக்கு அதிகாரமில்லை. அதற்கு ஐயர் வர வேண்டும். திருவிருந்து வாங்குகிறவர்கள் முந்தின நாள் சனிக்கிழமையே உபதேசியாரிடம் பேர் கொடுத்துவிட வேண்டும். யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் அதைத் தீர்த்துக்கொண்டுதான் வர வேண்டும் என்பது முறை. உபதேசியார் கல்யாணம் ஆகாத மனிதர். சாயங்காலமானால் என் வீட்டுக்கு வந்து பாலில்லாத காப்பி-ஓ குடித்தபடி வேதத்தை வைத்து என்னோடு மல்லுக்கட்டுவார்.

என் மகளுக்குப் பிறந்த இருபத்தோராம் நாள் ஜன்னி கண்டது. ஐயர் அடுத்த வாரம் வருவதாக இருந்தது. ஞானஸ்நானத்துக்கு வெள்ளை கவுன்கூடத் தைத்தாயிற்று. ஐயர் இல்லாத இடத்தில், சாகக் கிடக்கிற பிள்ளைக்கு எந்தக் கிறிஸ்தவனும் தண்ணீர் ஊற்றி, வார்த்தையைச் சொல்லி, ஞானஸ்நானம் கொடுக்கலாம். எங்கள் சபையில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். ஞானோபதேசம் ஒப்பித்துப் பரிசு வாங்கிய எனக்குத் தெரியாதா? "நீங்களே ஊத்திடுங்க" என்று மனைவி கெஞ்சினாள். "உபதேசியாருக்கு ஆள் போயிருக்கு, வந்துடுவாரு" என்றேன். உண்மைக் காரணம் வேறு. நான் ஊற்றினால், பிள்ளை பிழைக்காது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். பகல் முழுக்க அந்த மங்கில் துணியை நனைத்து நனைத்து நெற்றியில் போட்டேன். பக்கத்து டிவிஷனிலிருந்து உபதேசியார் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவர் பிள்ளையைப் பார்த்தார், மங்கைப் பார்த்தார். "கையில தண்ணிய வச்சிக்கிட்டு ஏன் ஊத்தல, டிரெஸ்ஸரே?" என்றார். அதுவும் என் மனைவியின் முன்னால்! வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினாற்போல இருந்தது. "வெளியே போங்க" என்று கத்தினேன். இரண்டு மாதத்தில் மனைவி நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறினாள். திரும்பவில்லை, கடிதமும் இல்லை. எல்லாப் பழியையும் தூக்கி உபதேசியார் தலையில் போட்டேன். அது எவ்வளவு சுலபமாக இருந்தது!

அதற்குப் பிறகு ஐயர் வரும் ஒவ்வொரு தடவையும் சனிக்கிழமை சாயங்காலம் உபதேசியார் என் வாசலில் வந்து நிற்பார். "அன்னைக்கு நியாயப்பிரமாணம் பேசிட்டேன் டிரெஸ்ஸரே, குத்தம் காட்டிட்டேன். சுவிசேஷம் பேச வேண்டிய இடம் அது, ஆறுதல் சொல்ல வேண்டிய இடம். மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க." நான் கதவைச் சாத்துவேன். மறுநாள் அவரே மேசைக்கு வெள்ளைத் துணி விரிப்பார், பாத்திரத்தைத் துடைத்து வைப்பார், பேர்களை வாசிப்பார். அவர் பேர் மட்டும் அதில் இருக்காது. நாங்கள் முழங்காலிடும்போது அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நான்? வெட்கங்கெட்டவன், அடுத்த வீட்டுக்காரரிடம் பேர் சொல்லியனுப்பினேன். அதையும் அவர் எழுதிக்கொண்டார். முதல் ஆளாகப் போய் அப்பம் வாங்கினேன். ஐயரிடம் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. நாலு தடவை இப்படி நடந்தது. மனம்விட்டுப் பேச இருவருக்கும் வேறு ஆளில்லாத அந்த ரப்பர் காட்டில், ஒரே செம்மண் பாதையின் இரண்டு கோடியில் தனித்தனியாகச் சோறு தின்றோம்.

அடுத்த மழைக்காலத்தில் மலேரியா அவரை என் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து போட்டது. கொயினா மருந்துக்கும் காய்ச்சல் அடங்கவில்லை. அதே மங்கில் துணி நனைத்து நானே போட்டேன். மூன்றாம் நாள் காலையில் கண் திறந்தார். "ரயில் பாதையில வெள்ளமாம், ஐயர் வரமாட்டாரு. ஆபத்துக்குத் தண்ணிய யாரும் ஊத்தலாம்ல, பாவமன்னிப்பும் யாரும் சொல்லலாம். நீங்க சொல்லுங்க" என்றார். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது கோபம் ஒரு துளி இல்லை. சொன்னால் அவர் போகப்போகிறார் என்றாகிவிடுமே என்ற பயம்தான். "தந்தி அடிச்சிருக்கேன். ஐயர் வந்துடுவாரு, பொறுங்க" என்றேன்.

அவர் லேசாகச் சிரித்தார். "மறுபடியுமா, டிரெஸ்ஸரே?" என்றார். துணியைப் பிழிந்துகொண்டு திரும்புவதற்குள் மூச்சு நின்றிருந்தது. மன்னிச்சிட்டேன், மன்னிச்சிட்டேன் என்று அவர் காதருகே கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரன் எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்தான்.

இப்போது குளுவாங் டவுனில் இருக்கிறேன். கோயில் கட்டியாயிற்று, ஐயர் ஞாயிறுதோறும் வருகிறார். நடந்ததையெல்லாம் அவரிடம் அறிக்கை செய்தேன். மன்னிப்புக் கூறினார், அதை நம்புகிறேன். ஆனாலும் பேர் கொடுக்கக் கால் வரவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கிருந்து பார்த்தால் முழங்காலிட்டவர்களின் முதுகுதான் தெரிகிறது. உபதேசியார் நாலு தடவை என் முதுகைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் மங்கில் தண்ணீர் பிடித்து வைக்கிறேன், பழக்கம். சொல்ல வேண்டிய வார்த்தையும் நாக்கில் தயாராக இருக்கிறது. கேட்கத்தான் வீட்டில் யாரும் இல்லை.