கறிவேப்பிலைத் தொட்டியில் என் மண்

அந்த மண்ணை எனக்குப் பிடித்ததே இல்லை. வருடக்கணக்காக அதைச் சலித்து, நனைத்து, நிறுத்து, காயவைத்து, அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய பிறகும் பிடிக்கவில்லை. அமெரிக்காவின் மேற்கே, எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த பெரிய சமவெளி ஒன்றின் மேல் கிடக்கிற மண் அது. அங்கே மழை அபூர்வம். எங்கிருந்தோ காற்று தூக்கிவந்த தூசி கரும்பாறையின் மேல் காலங்காலமாகப் படிந்து மண்ணாகியிருக்கிறது. ஓரிடத்தில் முழங்கை ஆழத்திலேயே பாறை தட்டும். கொஞ்சம் தள்ளித் தோண்டினால் ஆள் இறங்கி நிற்கலாம்.

விரலில் எடுத்துத் தேய்த்தால் கோதுமை மாவு மாதிரி இருக்கும். மணல் நெருடாது, களி ஒட்டாது, முழுக்க வண்டல். எங்கள் தாராபுரம் பக்கத்துக் கரிசல் மழை பெய்தால் செருப்போடு சேர்த்துக் காலைப் பிடித்துக்கொள்ளும்; அதற்கென்று ஒரு பிடிவாதம் உண்டு. இதற்கு ஒரு எழவும் கிடையாது. காய்ந்தால் பறக்கும், நனைந்தால் கூழாகும். அந்தக் கூழ் காய்ந்தால் மேலே ஓடு கட்டும். ஓட்டைப் பெயர்த்துப் பார்த்தால் அடியில் ஆப்பத்தில் இருக்கிற மாதிரிச் சின்னச் சின்னக் காற்றுத் துளைகள். அதற்கு மேல் ஊற்றுகிற தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடிவிடும். ஆழத்தில் சுண்ணாம்பு வெள்ளையாக இறுகிக் கிடக்கும். வேர் அதுவரை இறங்கிவந்து, வழியில்லாமல் பக்கவாட்டில் திரும்பிப் படுத்துக்கொள்ளும். எனக்கு வேண்டியது அந்தச் சுண்ணாம்பு அடுக்குதான். அதில் எவ்வளவு சுண்ணாம்பு இருக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சியின் முக்கால்வாசி.

இரண்டாயிரங்களின் நடுவில் மொன்றியலில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். மகளைக் கணவரிடமும் அவருடைய அக்காவிடமும் தாராபுரத்தில் விட்டுவிட்டு வந்திருந்தேன். நான் கிளம்பும்போது தவழ்ந்துகொண்டிருந்தவள், தொலைபேசியில் பாட்டுப் பாடுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள். ஆய்வேட்டை எழுதிக் கொடுத்துவிட்டேன், ஏப்ரலில் ஊருக்கு வருகிறேன் என்று வீட்டில் சொல்லியும் விட்டேன். அப்போது பார்த்து, ஏட்டை மதிப்பிட்ட ஒரு மகானுபாவர் சுண்ணாம்புக் கணக்கு நம்பும்படி இல்லை, அந்த அடுக்கை மட்டும் மறுபடி அளந்து காட்டட்டும் என்று எழுதிவிட்டார். அளப்பது ஒரு வார வேலை. மண் வேண்டும், அவ்வளவுதான்.

மண்ணுக்கும் வந்தது கேடு. ஆய்வுக்கூடத்தின் கிடங்கில் குளிரில் குழாய் வெடித்துப் பைகளெல்லாம் ஊறிப்போயின. நல்லவேளை, சுண்ணாம்பு அடுக்கின் மண்ணை நான் மூடிபோட்ட ஒரு வாளியில் வைத்திருந்தேன். அது ஒன்றுதான் தப்பியது. கிடங்கையும் ஆய்வுக்கூடத்தையும் சரிசெய்யும்வரை அளக்க முடியாது, வீட்டில் வைத்துக்கொள் என்றார் பேராசிரியர். மெட்ரோவில் மடியில் வைத்து, பிறகு அந்த முடிவில்லாத பஸ்ஸில் காலிடுக்கில் வைத்து, பியர்பொன்ட்ஸில் நான் குடியிருந்த வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கட்டுக்கு அடியில் வைத்தேன். பஸ்ஸில் ஒரு கிழவர் என்ன சாப்பாடா என்று பிரெஞ்சில் கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கம் சொல்லத் தெம்பில்லை.

வீடு ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பதியுடையது. மேலே அவர்கள், கீழே நான். அக்கா ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சமைத்தார். அண்ணன் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் ஷிஃப்ட் வேலை செய்தார். அவர் தூங்கிப் பார்த்திருக்கிறேன், தூங்கப் போகும்போது பார்த்திருக்கிறேன், வேறெப்படியும் பார்த்ததாக நினைவில்லை. அவர்கள் வீட்டில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தது. டொரொன்டோவிலிருந்து பஸ்ஸில் கோட்டுக்குள் மறைத்து, குளிர் படாமல் அக்கா கொண்டுவந்த செடி. கோடையில் வாசலில், குளிர்காலத்தில் கூடத்து ஜன்னலில் ஹீட்டருக்குப் பக்கத்தில். குழம்புக்கு இலை கிள்ளும்போதுகூட எண்ணித்தான் கிள்ளுவார்.

பிப்ரவரியில் அந்தச் செடி மஞ்சளடிக்கத் தொடங்கியது.

"தங்கச்சி, நீர் மண்ணுக்குத்தானே படிக்கிறீர். ஒருக்கா வந்து பாருமன்" என்றார் அக்கா. நான் அப்போதுதான் வேலை முடிந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எழுந்து போய்ப் பார்க்க உடம்பு வரவில்லை. எங்கள் ஊரில் கறிவேப்பிலை நோஞ்சானாகப் போனால் எல்லோரும் செய்கிற ஒரே வைத்தியத்தை வாசலில் உட்கார்ந்தபடியே சொன்னேன். "நல்லாப் புளிச்ச மோரா ஊத்துங்கக்கா. ஜம்முனு வந்துரும்."

அக்கா ஊற்றினார். வாராவாரம் ஊற்றினார். தேயிலைச் சக்கையும் போட்டார். செடி இன்னும் மஞ்சளானது. ஒரு சனிக்கிழமை காலை என் கதவைத் தட்டினார்.

"மோரும் ஊத்தியாச்சு, தேயிலையும் போட்டாச்சு. தண்ணி உள்ள போகுதில்லை, மேலயே நிக்குது. என்னெண்டு ஒருக்கா வந்து சொல்லும்."

மேலே போனேன். அக்கா கையில் மோர்க் கிண்ணம், பக்கத்தில் வந்தாலே பல் கூசுகிற புளிப்பு. நானே வாங்கி ஊற்றினேன். மோர் தொட்டியில் குளமாக நின்றது. ஓரத்தில், மண் கொஞ்சம் வெடித்திருந்த இடத்தில், பொடிப்பொடியாக நுரைத்தது. காய்ந்த மண்ணில் எதை ஊற்றினாலும் காற்று வெளியே வரும், பெரிய அதிசயமில்லை. ஆனால் இது நிற்கவில்லை. புளிப்பு பட்டால் சுண்ணாம்பு நுரைக்கிற மாதிரி, நான் ஆய்வுக்கூடத்தில் அமிலம் விட்டு ஆயிரம் தடவை பார்த்த மாதிரி, மெல்ல நுரைத்துக்கொண்டே இருந்தது. விரலை விட்டு ஓட்டைப் பெயர்த்தேன். அடியில் ஆப்பத் துளைகள். இரண்டு விரலால் தேய்த்தேன். மாவு.

பெயர்த்த ஓட்டைக் கையில் வைத்தபடியே கேட்டேன்.

"அக்கா, இந்த மண்ணு ஏதுங்க?"

"அண்ணைதான் மாத்தினவர். தை மாசம். வேர் தொட்டியை நிரப்பிப் போட்டுதெண்டு. ஏன்?"

அண்ணன் சத்தம் கேட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். "கீழ வாளியில இருந்த மண்தான். நல்ல மா மாதிரி மண். நீர் எங்கட கறிவேப்பிலைக் கண்டுக்கெண்டுதான் கொண்டந்து வச்சிருக்கிறீர் எண்டு நினைச்சன். இந்தக் குளிருக்க வேற எங்க மண் எடுக்கிறது? வெளியில நிலம் கல்லாக் கிடக்கு."

"மிச்சம்?"

"மிச்சத்தைப் பழைய தொட்டி மண்ணோட கலந்து மிளகாய்க் கொட்டை போட வச்ச தட்டுகளுக்குப் போட்டன். வாளியைக் கழுவி மூடி வச்சிட்டன்."

கழுவியும் வைத்துவிட்டார், மகராசன். இத்தனை நாளும் நான் போகும்போதும் வரும்போதும் படிக்கட்டுக்கு அடியில் பார்த்துப் பார்த்து நிம்மதியடைந்தது காலி வாளியை.

கத்திவிட்டேன். பெரியவர், வீட்டுக்காரர் என்றெல்லாம் பார்க்கவில்லை. "அதை வெச்சுத்தானுங்க நான் ஊருக்குப் போகணும்! அந்த மண்ணு இல்லைன்னா என்ற புள்ள மூஞ்சிய நான் எப்பப் பாக்கறது? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

அண்ணன் திகைத்துப் போனார். "மண்தானே தங்கச்சி. பனி கரையட்டும். எத்தினை பை வேணுமெண்டாலும் நான் வாங்கித் தாறன்" என்றார். மனசாரத்தான் சொன்னார். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது. இந்த மனிதரை என்னவென்று திட்டுவது?

அக்கா உள்ளே போனார். பழைய பேப்பரை எடுத்து வந்து தரையில் விரித்தார். தொட்டியை இரண்டு கையாலும் தூக்கி அதன் மேல் கவிழ்த்தார். தண்டைப் பிடித்து ஒரு இழுப்பு. ஓடு உடைந்து மண் கட்டிகட்டியாக விழுந்தது. அதோடு சேர்ந்து வெள்ளை வேர்களும் அறுந்து வந்தன.

"எடும். முழுக்க எடும்" என்றார். "கண்டு போனாப் போகட்டும். நீர் பிள்ளையை விட்டிட்டு வந்திருக்கிறீர்."

நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. பேப்பரின் மேல் என் மண் கிடந்தது. தேயிலைச் சக்கை, அறுந்த வேர், மோர் வாடை. மோரின் புளிப்பு இத்தனை வாரமாகச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் அளக்க வேண்டியதே அந்தச் சுண்ணாம்பைத்தான்.

"வேண்டாங்க்கா" என்றேன். "இனி இது ஆகாது. மோர் ஊத்தியாச்சில்ல."

அக்கா செடியைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார். கோபமே இல்லாமல், கேட்டுத் தெரிந்துகொள்கிற மாதிரிக் கேட்டார். "அப்ப நான் இதைப் பிடுங்கியிருக்கத் தேவையில்லையோ?"

தேவையில்லை என்று தலையாட்டினேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் எதிரே உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் அந்த வெளிர்ப் பழுப்பு மண். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தோன்றியது, அதற்குக்கூட அலுப்பாக இருந்தது. அண்ணன் பனியில் காரைக் கிளப்பிக்கொண்டு போய் எங்கெங்கோ அலைந்து, பூச்செடி விற்கிற கடையொன்றில் ஒரு சின்னப் பை மண் வாங்கிவந்தார். செடியை அதில் நட்டார்கள். சில நாட்களில் இலையெல்லாம் கொட்டி, குச்சி மட்டும் நின்றது.

திங்கட்கிழமை பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். கறிவேப்பிலை என்றால் என்னவென்று அவருக்கு விளக்குவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவர் சிரிக்கவில்லை, நல்ல மனிதர். கோடையில் மறுபடி அந்தச் சமவெளிக்குப் போய்க் குழி தோண்டி எடுத்துவரலாம், இப்போது போனால் அங்கே பனியும் சேறும்தான், வண்டி இறங்காது என்றார். அப்படியென்றால் எல்லாம் முடிய இலையுதிர்காலம் ஆகிவிடும். வேறு வழியே இல்லையா என்று கேட்டேன். மண் இல்லாமல் என்ன செய்வது என்றார். நியாயம்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் டெப்பனர் என்கிற மூலைக்கடையில் ஃபோன் கார்டு வாங்கிவந்து ஊருக்குக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். கணவரிடம் சொன்னேன். மோர், நுரை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "பாப்பாகிட்ட ஏப்ரல் ஏப்ரல்னு சொல்லி வெச்சிருக்கோம். இதை நீயே சொல்லீரு" என்று அவளிடம் கொடுத்துவிட்டார்.

அழுவாள், எப்படித் தேற்றுவது என்று ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்தேன். பொம்மை, பனியில் போட்டுக்கொள்கிற சிவப்புக் கோட்டு, விமானத்தில் ஜன்னல் ஓரம் என்று வரிசையாக மனதில் தயாராக இருந்தன.

"அம்மா ஏப்ரல்ல வர முடியாது தங்கம். இன்னும் கொஞ்சம் நாள் ஆகும்" என்றேன்.

"சரி" என்றாள்.

அவ்வளவுதான். ஃபோனை எங்கேயோ வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அத்தே, எனக்குத் தலை பின்னி உடு" என்று சொல்லிக்கொண்டே அவள் ஓடுகிற சத்தம். நான் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் அழவே இல்லை.