கைராசி

சிரித்தபோதுதான் முதலில் குத்தியது. வலப்பக்க விலாவுக்குள் ஊசி ஏற்றியது போன்ற வலி. தொலைக்காட்சியில் ஏதோ பகிடி போய்க்கொண்டிருந்தது. நான் பாதிச் சிரிப்பில் நின்றுவிட, என் கணவர் திரும்பிப் பார்த்தார். "ஒண்டுமில்லை, வாயு" என்றேன். நோயாளிகளுக்கு வாயுவைப்போல் கைகொடுக்கும் பொய் வேறில்லை.

அப்போது எனக்கு நிணநீர்ப் புற்றுநோய்க்கு (கழுத்து, அக்குள் போன்ற இடங்களிலுள்ள நிணநீர்க் கணுக்களில் தொடங்கும் புற்று) கீமோ நடந்துகொண்டிருந்தது. பாதிவழி தாண்டியிருந்தோம். கட்டிகள் கரைகின்றன என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மிச்சச் சுற்றுகளையும் எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்பதே வீட்டில் ஒரே பேச்சு. அதனால்தான் அந்தக் குத்தலை மறைத்தேன். சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவார்கள் என்று பயம்.

இதை வாசிக்கும் உங்களில் சிலரும் இப்போது அப்படி எதையோ மறைத்துக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கீமோவில் என்னைப் படாதபாடு படுத்தியது குமட்டல். தந்த மாத்திரைகளுக்கு அது பாதிதான் கேட்டது. முதலில் சோறு வேகும் மணத்துக்கே எழுந்து ஓடினேன். பிறகு மணமே தெரியாமல் போயிற்று; குமட்டல் மட்டும் நின்றது. என் மருத்துவர் அமைதியான வெள்ளைக்காரப் பெண், என்னைவிட இளையவர். "மருத்துவக் கன்னபிஸ் எழுதித் தரலாம், யோசித்துப் பாருங்கள்" என்றார். ஆங்கிலத்தில் அது ஒரு மருந்தின் பெயர். வீட்டுக்கு வந்து தமிழில் யோசித்தபோது அது கஞ்சா ஆகிவிட்டது. எங்கள் மருந்துக்கடையில் நிற்கும் பிள்ளை, கோயிலில் என்னோடு தேவாரம் பாடுபவரின் மகள். அவள் கையால் கஞ்சா வாங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை அவளுடைய தாய்க்குப் பக்கத்தில் போய் நான் எப்படி இருப்பது?

வேண்டாம் என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டேன். பிறகு நானே வளர்த்தேன்.

இங்கே அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் அது குற்றம் என்று எனக்குத் தெரியும். விதை வந்த வழியை எழுதப்போவதில்லை. ஆனால் எப்படித் துணிந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். கிளென் வேவர்லியில் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைக்கு ஒரு பேர் இருந்தது. மெல்பேர்ன் குளிரில் மற்றவர்களின் கன்றுகள் கறுத்துச் செத்துப்போகும், என்னுடையது நிற்கும். கன்று கேட்டு வராத ஆளில்லை. "அன்ரிக்குக் கைராசி, காய்ஞ்ச தடியை ஊண்டினாலும் தளிர்க்கும்" என்பார்கள். அந்தப் புகழ் எனக்குத் தலைக்கேறியிருந்தது.

பின்பக்கக் குளியலறையில் ஒரு விளக்கைக் கட்டி, சாடியில் நட்டேன். கறிவேப்பிலைக்குச் செய்ததையெல்லாம் அதற்கும் செய்தேன். புளித்த மோரைக் கரைத்து ஊற்றினேன். முதல் கன்று வேரழுகிச் சாய்ந்தது. இரண்டாவதைக் குளிருமே என்று போர்த்தி மூடி வைத்தேன். அது வெளிறி, கொடிபோல நீண்டு விழுந்தது. மூன்றாவதை ஒன்றும் செய்யாமல் விட்டேன். அது பூத்தது. படிக்க வேண்டியதைப் படித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

என் கணவருக்கு இதில் துளியும் விருப்பமில்லை. வாசல் மணி அடித்தால் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் திறக்கப் போவார். "ஆரும் மணந்து பிடிச்சால் என்னத்தைச் சொல்லுறது?" என்பார். பொலிஸ் வந்துவிடும் என்றுதான் இருவரும் பயந்துகொண்டிருந்தோம்.

பறித்த பூக்களையும் கறிவேப்பிலையை வைப்பது போலவே வைத்தேன். பேப்பரில் சுற்றி, பொலித்தீன் பைக்குள் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில். சுருட்டுப்போல் புகைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் வேது பிடித்தேன். தடிமன் வந்தால் இலைகுழை போட்டு ஆவி பிடிப்போமே, அதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். கொதிநீர்ச் சட்டியில் பூவை உதிர்த்துப் போட்டு, துவாயால் தலையை மூடிக்கொண்டு குனிவேன். கஞ்சா புகைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாதல்லவா?

ஒருநாள் பொட்டலத்தை அவிழ்த்த கணவர் முகத்தைச் சுளித்தார்.

"இஞ்சாரும், இது பழைய பாய் மாதிரி மணக்குது. மேலை வெள்ளையாயும் என்னவோ கிடக்கு."

"அதுக்கு அப்பிடித்தான் மணக்குமாக்கும். வெள்ளை இருந்தால் நல்ல பூவாம்" என்றேன். இணையத்தில் எங்கோ அப்படிப் படித்திருந்தேன்.

பறித்து வைத்த பூ எப்படி மணக்க வேண்டும் என்று அவருக்கும் தெரியாது. எனக்கோ மூக்கு இருந்தும் இல்லாத நிலை. அந்த வெள்ளையை விரலால் தட்டிவிட்டு, பூவைச் சட்டியில் போட்டு, ஆழமாக மூச்சை இழுத்தேன். குமட்டல் கொஞ்சம் தணிந்தது போலவும் இருந்தது.

அதற்குச் சில நாள்கள் கழித்துத்தான் அந்தச் சிரிப்பும் குத்தலும். பிறகு காய்ச்சல். பிறகு இருமியபோது கடதாசிக் கைக்குட்டையில் இரத்தம். அதைப் பார்த்த கணவர் கார்ச் சாவியை எடுத்தார்.

மருத்துவர் ஸ்கான் படத்தைத் திரையில் காட்டினார். வலது நுரையீரலின் அடியில் ஒரு வெள்ளை உருண்டை. அதைச் சுற்றி மங்கலான வளையம்.

"புற்று அங்கேயும் போய்விட்டதா?"

"இல்லை. பூஞ்சைத் தொற்று என்று சந்தேகப்படுகிறோம். வீட்டில் ஈரச்சுவர் இருக்கிறதா? பூஞ்சணம் பிடித்த எதையாவது தொட்டீர்களா?"

இல்லை என்று நான் தலையாட்டத் தொடங்கும்போதே கணவர் வாயைத் திறந்துவிட்டார். ஆங்கிலத்தில் தொடங்கியவர், என்னைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். "இனியும் இதை மூடி வைக்க என்னாலை ஏலாது. நீர் கோவிச்சாலும் பரவாயில்லை." பிறகு மருத்துவர் பக்கம் திரும்பி, பொட்டலம், வெள்ளை, துவாய் எல்லாவற்றையும் சொன்னார்.

மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எனக்குக் கிலியை உண்டாக்கியது. பூஞ்சை வித்திகளை (கண்ணுக்குத் தெரியாத, பூஞ்சையின் விதைத்தூள்) எல்லோருமே மூச்சில் இழுக்கிறோம், வெள்ளை அணுக்கள் அவற்றைக் கொன்றுவிடும், கீமோவால் என்னிடம் வெள்ளை அணுக்கள் மிகக் குறைவு என்று நிதானமாக விளக்கினார். கடைசியில் ஒன்று சொன்னார். "சுடுநீர் ஆவியில் அந்தப் பூவின் மருந்து ஏறக்குறைய ஒன்றுமே வந்திருக்காது. பொட்டலத்தைப் பிரித்து உதிர்த்தபோது பூஞ்சை மட்டும்தான் உங்களுக்குள் போயிருக்கும்."

மூச்சுக்குழாய்க்குள் கமராக் குழாய் விட்டுச் சளி எடுத்தார்கள். அது பூஞ்சைதான். மறுபடி ஸ்கான் எடுத்தபோது உருண்டை பெருத்திருந்தது.

"வளர்ந்துகொண்டிருக்கிறது" என்றார் மருத்துவர். நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருவர் மனதிலும் கைராசி என்ற ஒரே சொல்தான் ஓடியிருக்கும்.

"இது அடங்கும்வரை கீமோ தரமுடியாது."

"அதுவரைக்கும் புற்று சும்மா இருக்குமா?"

"தெரியாது" என்றார்.

அந்தத் தெரியாதுக்குள்தான் பல கிழமைகள் கிடந்தேன். பூஞ்சைக்கான மருந்து கண்ணைக் குழப்பியது; ஜன்னல் வெளிச்சம் தண்ணீர்போல அலைந்தது. வெயில் பட்டால் தோல் எரிந்தது. கழுத்தில் கட்டி திரும்ப வருகிறதா என்று நாள் முழுக்கத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு நோயைத் தடவுவேன், மற்றதை இருமுவேன். கணவர் செடியைப் பிடுங்கிக் குளியலறையைக் கழுவினார். ஆத்திரத்தில் அவரோடு பேசாமலும் இருந்திருக்கிறேன், சொன்னதற்காக. அவர் சொல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

எதை மறைத்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். தமிழில் சொல்லக் கூசினால் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். அவருக்கு அது போதும்.

உருண்டை மெல்லச் சுருங்கியது. கீமோவைத் திரும்பத் தொடங்கி, ஒருவாறு முடித்தார்கள். ஆனால் இனி நான் மண்ணைத் தொடக்கூடாது. பசளை மண் மூட்டையை யாராவது பிரித்தால் அந்தப் பக்கமே போகக்கூடாது. கறிவேப்பிலையைக் கணவர்தான் பார்க்கிறார். அவருக்குக் கைராசி அறவே இல்லை. சமைத்தபடி குசினி ஜன்னலுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு மாதமும் கிழமையும் இப்போது கணக்கில்லை. ஸ்கானுக்கு முன், ஸ்கானுக்குப் பின், அவ்வளவுதான். மூச்சு தானாக வரும் ஒன்று என்பதும் போய்விட்டது; ஒவ்வொரு மூச்சும் எதைக் கொண்டுவருகிறதோ என்று யோசிக்கிறேன்.

போன கிழமையும் படம் எடுத்தார்கள். கழுத்துக் கணுக்கள் அமைதியாக இருக்கின்றன. நுரையீரலில் சுண்டைக்காய் அளவில் அது இன்னும் கிடக்கிறது. "வளரவில்லை" என்றார் மருத்துவர். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் போயிருந்தோம். வெளியே வந்ததும் அழுதேன்.

காரில் ஏறியபின் என்னைச் சந்தோஷப்படுத்த நினைத்துக் கணவர் சொன்னார்: "சொல்ல மறந்துபோனன். கறிவேப்பிலை பட்டுப்போச்சுது எண்டெல்லோ நினைச்சனான்? காலமை பார்க்கிறன், அடியிலை இருந்து தளிர் விட்டிருக்கு."

நல்லது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கை வலப்பக்க விலாவைப் பொத்திக்கொண்டது.