அடுப்புக்குள் இருந்து தட்டியவர்

ஆஸ்திரியா எல்லையை ஒட்டிய எங்கள் கார்னியா மலைப்பக்கம் பெல்லட் அடுப்பு இல்லாத வீடு இப்போது குறைவு. மரத்தூளை அழுத்திச் செய்த பென்சில் பருமன் துண்டுகளைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் பொத்தானை அமுக்கினால் போதும். உள்ளே ஒரு திருகு சுழன்று அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிகிண்ணத்தில் தள்ளும், ஒரு கம்பி பழுத்துப் பற்றவைக்கும். அது பற்றாத நாளில்தான் அடுப்பு பழுது பார்க்கிற என் ஞாபகம் வரும். கோடையில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் எல்லாம் நவம்பர் வந்ததும் ஃபோனில், "இவானோ, எங்கப்பா இருக்கே, சாப்பிட்டியா?" என்று குழைவார்கள். சாம்பலை அள்ளச் சொன்னால் அள்ளமாட்டார்கள், அடுப்பைத் திட்டுவார்கள்.

நெல்லா அப்படிப்பட்டவர் அல்ல. அவர் வீட்டில் எரிகிண்ணம் சோற்றுக்கிண்ணம் போலச் சுத்தமாக இருக்கும். ஊரின் மேல்பகுதியில் தேவாலயத்துக்குப் பின்னால் கடைசி வீடு. இளவயதில் எல்லை தாண்டிப் போய், ஆஸ்திரியாவில் ஒரு விடுதியில் படுக்கை விரிப்பு துவைத்தவர். திரும்பி வந்து மரம்வெட்டி எல்வியோவைக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவருக்கு வாழ்க்கை என்றால் விறகுதான். முதுகுக்கூடையில் காட்டுமரத் துண்டுகளைச் சுமந்து சுமந்து வலது தோள் இறங்கிப்போய், கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாமல் ஆனது. தலை வார முடியவில்லை என்று கூந்தலைக் கத்தரித்துக்கொண்டார். அதைப் பற்றி யாரிடமும் புலம்பியதாக எனக்குத் தெரியாது.

எல்வியோவைப் பற்றிச் சொல்வதானால் அவருடைய விறகு அடுக்கைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஓர் ஆணின் மானம் அதில்தான் இருக்கிறது. அடியில் கழி போட்டு, தரை படாமல், துண்டுக்குத் துண்டு காற்றுப் புக இடம் விட்டு அவர் அடுக்கியதைப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். "விறகுக்கு மூச்சு வேணும்டா, மூச்சு விடாத விறகு புகையும், எரியாது" என்று எனக்கே எத்தனையோ தடவை பாடம் எடுத்திருக்கிறார். நான் கேட்டேனா என்பது வேறு விஷயம்.

தோள் போன பிறகு நெல்லா பெல்லட் அடுப்பு கேட்டார். வீடு போர்க்களமானது. கடைசியில் ஊதினே நகரத்தில் இருக்கும் மகள் தான்யாவே வாங்கி அனுப்பிவிட்டாள். மே மாதம் நான் போய்ப் பொருத்தினேன். எல்வியோ முற்றத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"சியோர் எல்வியோ, எப்படி ஓடுதுன்னு ஒரு தடவை வந்து பாருங்களேன்."

"கோழித்தீவனத்தை எரிச்சுக் குளிர் காயற வீட்டுக்குள்ள நான் எதுக்கு? உன் பொம்மையை நீயே வெச்சு விளையாடு. அதுல என் கை படாது."

நெல்லா சமையலறை வாசலில் இருந்து கத்தினார். "நீ போய்ச் சேர்ந்தாதான் நான் இந்த வீட்ல சூடா உட்காருவேன்."

நான் குனிந்து என் சாமான்களைப் பொறுக்கினேன். புருஷன் பெண்டாட்டி சண்டையில் மூன்றாவது ஆளுக்கு என்ன வேலை?

செப்டம்பரில், காட்டுக்குப் போகும் பாதையில், ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தபடியே எல்வியோ போய்விட்டார். இதயம் பல மாதங்களாகவே சரியில்லையாம். மருத்துவருக்கும் அவருக்கும் தெரிந்திருக்கிறது, நெல்லாவுக்குத் தெரியவில்லை.

நவம்பர் தொடக்கத்தில் இறந்தோர் நாள் வரும். அதற்கு முந்தின சாயங்காலம் மேசையில் ஒரு குடம் தண்ணீரும் ரொட்டியும் வைத்து, நெருப்பை அணையாமல் விட்டுவைப்போம். போனவர்கள் வந்து குளிர் காய்ந்துவிட்டுப் போவார்கள். நெல்லா எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினார். அடுப்பு பற்றவில்லை. மறுநாள் என்னைக் கூப்பிட்டபோது அவர் குரலே மாறியிருந்தது.

"உள்ளே இருந்து தட்டுது, இவானோ."

"பேய்க்கெல்லாம் என்னால பில் போட முடியாது, சியோரா நெல்லா. கிண்ணத்து ஓட்டை அடைச்சிருக்கும்."

போய்ப் பார்த்தேன். ஓட்டைகளில் கொஞ்சம் கசடு இருந்தது. சுரண்டி எடுத்தேன், எரிந்தது. அந்த வாரமே மறுபடி அணைந்தது. பற்றவைக்கும் கம்பியை மாற்றினேன். மறுபடி அணைந்தது. புகைக்குழாயைத் துடைத்தேன், கதவு இடுக்கை அடைக்கும் நாடாவை மாற்றினேன். நான் பக்கத்தில் நிற்கும்வரை நல்ல பிள்ளையாக எரியும், என் வண்டி வளைவு திரும்பியதும் அணைந்துவிடும். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை காலத் தொழிலில் ஓர் அடுப்பு என்னைக் கேலி செய்து பார்த்ததில்லை.

டிசம்பரில் ஒரு பிற்பகல். மூடுபனி ஜன்னல்வரை இறங்கி, வெளிச்சமே இல்லை. பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு குனிந்திருந்தேன். நெல்லா எல்வியோவின் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு பின்னால் நின்றார். அப்போது உள்ளே தட்டியது. நின்றது. மறுபடியும் தட்டியது.

"கேட்டியா?"

மோட்டார் தட்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் இது, வீட்டில் ஆள் இருப்பது தெரிந்தே ஒருவர் தட்டிவிட்டுக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. என் பிடரி மயிர் குத்திட்டது. பொய் சொல்வானேன், பயந்துபோனேன்.

"கிறிஸ்துமஸுக்கு தான்யா வர்றா" என்றார் நெல்லா. "வீட்டைப் பூட்டிட்டு என்னைக் கூட்டிட்டுப் போகப்போறா. சரின்னு சொல்லிட்டேன்."

"இந்த வீட்டை விட்டா? அந்த அடுக்குமாடில ரெண்டு நாள் தங்குனாலே மூச்சு முட்டுதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

"ஆமா. செத்தாலும் இங்கேயே சாகணும்னுதான் இருந்தேன். ஆனா அந்த மனுஷன் என்னை இருக்க விடமாட்டேங்கறாரே. அன்னிக்கு நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். நீயும்தானே நின்னே."

"கோபத்துல எல்லாரும் சொல்றதுதான், சியோரா."

"எல்லாரும் சொல்லலாம். சொன்னப்புறம் கேட்டவங்க சாகக்கூடாது. நான் சூடா உட்காரக்கூடாதுன்னு அவர் முடிவு பண்ணிட்டார். இறந்தவங்க நாள்ல வீட்டுக்கு வந்திருக்கார், நெருப்பில்ல, மனுஷன் குளிர்லயே திரும்பிப் போயிருக்கார்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அந்தக் கோட்டுக்குள் நெல்லா இவ்வளவு சிறியவராக நின்று நான் பார்த்ததில்லை.

வேறு வழி தெரியாமல் தொட்டியை முழுக்கக் காலி செய்து, திருகையே வெளியே உருவினேன். அடியில் இருந்தது பெல்லட் இல்லை. ஊதிப் பொடிந்து, குழாயோடு குழாயாகச் சுண்ணாம்புச் சாந்து போல இறுகிக் கிடந்தது. திருகு சுற்ற முடியாமல் முட்டி முட்டி நின்றிருக்கிறது. அந்த முட்டல்தான் தட்டல். அடுப்பு ஓரத்து வாளியில் இருந்தவை சூட்டில் காய்ந்து பார்வைக்கு நன்றாகவே இருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"இது ஈரம், சியோரா. மூட்டையெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?"

"விறகுக் கொட்டகையில. வேற எங்க?"

கொட்டகைக்குப் போனோம். பலகை இடுக்குகளில் மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது. மூட்டைகள் கழிகளின்மேல், தரை படாமல், ஒன்றுக்கொன்று கைநுழைய இடைவெளி விட்டு, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியிருந்தன. எடுத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக்கில் மூலைக்கு மூலை கத்தியால் ஒரே அளவில் கீறியிருந்தது. அடுத்த மூட்டையிலும் அப்படித்தான். எல்லா மூட்டையிலும் அப்படித்தான்.

"யார் கீறுனது?"

"கீறலோடதான் வருதுன்னு நினைச்சேன். தூக்கறதுக்கு வசதியா."

"யார் அடுக்குனது?"

"கடைக்காரன். ஆகஸ்ட்ல தோளுக்கு வைத்தியம் பார்க்க ஊதினேல இருந்தேன். வந்து பார்த்தா எல்லாம் கொட்டகைக்குள்ள இருந்துச்சு. நல்ல பையன்னு நினைச்சேன்."

"அவன் முற்றத்துல இறக்கிட்டுப் போயிடுவான், சியோரா. கொட்டகை எங்க இருக்குன்னுகூட அவனுக்குத் தெரியாது."

நெல்லா குனிந்து அடிக்கழியைத் தொட்டார். பிறகு மூட்டைகளின் இடைவெளிக்குள் கையை விட்டு, முழங்கைவரை விட்டு, அப்படியே நின்றார்.

"இது அவர் அடுக்கு" என்றார்.

பெல்லட் என்பது காய்ந்து முடிந்த பொருள். காற்றைக் காட்டினால் ஈரத்தைக் குடித்துச் செத்துப்போகும். ஆயுள் முழுக்க விறகு அடுக்கிய மனிதருக்கு இது எப்படித் தெரியும்? தொடமாட்டேன் என்றவர், பெண்டாட்டி ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, கெட்டுப்போன இதயத்தோடு ஒவ்வொரு மூட்டையாகச் சுமந்து வந்திருக்கிறார். தான் இல்லாத குளிர்காலத்தில் அவள் அடுப்பு புகையக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் மூச்சுவிட வழி வெட்டியிருக்கிறார். கோழித்தீவனத்துக்கு.

இதையெல்லாம் நான் விளக்கியதைக் கேட்டுவிட்டு நெல்லா சிரித்தார். சிரிப்பு நடுவில் உடைந்தது. "காயவெச்சிருக்கான் மடையன்" என்றார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல. ஒரே ஒரு வார்த்தை."

மறுநாளே புது மூட்டைகள் கொண்டுவந்து வீட்டுக்குள்ளேயே வைத்தேன். பழையதை நானே அள்ளிப்போய்க் கொட்டினேன். அடுப்பு ஒழுங்காக எரிந்தது. கிறிஸ்துமஸுக்கு வந்த தான்யா, சூடான சமையலறையில் போலெந்தா என்கிற மக்காச்சோளக் களி தின்றுவிட்டு, அம்மாவை எவ்வளவோ கெஞ்சிப் பார்த்துவிட்டுத் தனியாகவே திரும்பிப் போனாள்.

ஜனவரி கடைசியில் நெல்லாவிடமிருந்து ஃபோன். "பெல்லட் வரமாட்டேங்குது, இவானோ. இறங்கவே மாட்டேங்குது."

திருகை உருவினேன். நடுவில் ஊதிப்போன பெல்லட் கொஞ்சம் சிக்கியிருந்தது. நான் கொடுத்தது அல்ல. நிமிர்ந்து பார்த்தேன். நெல்லா, திருடி மாட்டிக்கொண்டவர் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ கொட்டறதுக்கு முன்னாடி, அவர் அடுக்குனதுல ஒரு மூட்டையை எடுத்து ஒளிச்சு வெச்சிருந்தேன்."

"அது ஈரம்னு தெரிஞ்சேவா போட்டீங்க?"

"ஒரு பிடிதான். வீட்ல சத்தமே இல்ல, இவானோ. அன்னிக்கு அந்தச் சத்தத்துக்குப் பயந்து செத்தேன். இப்போ அது இல்லாம தூக்கம் வரமாட்டேங்குது."

ஊரில் ஒருத்தர் விடாமல் திட்டியிருக்கிறேன் நான், ஈர பெல்லட்டுக்காக. அன்று குழாயைச் சுரண்டிவிட்டுத் திருகை உள்ளே தள்ளி மரையை இறுக்கினேன்.

"எவ்வளவு போட்டா கெடாது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒரு சிட்டிகை" என்றேன். "ஞாயித்துக்கிழமை மட்டும். அடைச்சா கூப்பிடுங்க, நான் வர்றேன்."