சாந்தில்லாத சுவரும் எங்கள் அண்ணனும்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. "அமைதியானவர், எல்லாருக்கும் இனியவர்" என்று நினைவு மலருக்கு எழுதச் சொல்லி, குவைத் அப்பாசியாவில் இருக்கும் தங்கையான எனக்கு அக்கா வீட்டிலிருந்து போன் வந்தது. அமைதியா, எங்கள் அண்ணனா? சரிதான் போங்கள்!

புதுக்கோட்டைப் பக்கம் பிறந்து, சிறு வயதிலேயே அப்பாவை இழந்து, கொத்தனாராகத் துபாய் வந்து எங்களைக் கரையேற்றியவர் அவர். அல் குசைஸில் ஒரு கூட்டு ரூமிலேயே அவர் வாழ்நாள் கழிந்தது. வாய் மட்டும் யாருக்கும் அடங்காது. அரைகுறை வேலையைக் கண்டால் காறித் துப்பாத குறைதான்.

அண்ணன் வேலை பார்த்த ஒரு விடுதித் தோட்டத்தில், ஜிம்பாப்வேயின் ஷோனா மக்கள் முற்காலத்தில் கட்டிய மாதிரிக் கருங்கல் சுவர் எழுப்ப, அந்நாட்டிலிருந்தே டெண்டாய் என்ற கொத்தனார் வந்தார். கலவையே கிடையாது, கல்மேல் கல்தான். "சாந்து இல்லாம சுவரா? இதுல ஆடுகூட ஒண்டாது" என்று இளக்காரம் பேசிய அண்ணன், சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்தார். சுவர் உள்பக்கம் சாய்ந்திருந்தது. கோணல் என்று பிரித்தே போட்டுவிட்டார்.

டெண்டாய் சண்டைக்கு வரவில்லை. "பாய், தும் பனாவ்," நீயே கட்டு என்று சொல்லி ஓரமாக உட்கார்ந்துகொண்டார். அண்ணன் நெட்டுக்குத்தாக எழுப்பிய சுவர் வயிறு தள்ளிச் சரிந்தது. "கலாஸ்?" முடிந்ததா என்றாராம் டெண்டாய். அண்ணன் தூக்குக்குண்டைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். சுவரின் இரண்டு பக்க முகங்களும் உள்ளே சாய்ந்து, நடுவில் நிரப்பிய கல்லை அணைத்தால்தான் சுவர் நிற்கும் என்று பிறகு புரிந்தது. இருவரும் சேர்ந்தே கட்டி முடித்தார்கள். உச்சியில் சாய்வுசாய்வாக ஓடும் கல்வரிசை முழுக்க அண்ணன் கையால் வைத்தது.

அதை அக்கா குடும்பம் வந்து பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் அவர் ஆசை. அத்தானுக்கு அபுதாபியில் பெரிய உத்தியோகமாயிற்றே! "கல்லை அடுக்கி வெச்சதைப் பாக்க இவ்ளோ தூரம் வண்டி ஓட்டணுமா? பார்க்கிங் வேற மாஃபி, கிடைக்காது" என்று சிரித்தார். லீவு நாளெல்லாம் இஸ்திரி போட்ட சட்டையோடு அண்ணன் வாசலில் நின்றதுதான் மிச்சம். மருத்துவமனையிலிருந்து கடைசியாக என்னிடம் போனில் கேட்டதும், "அத்தான் சுவரைப் பாத்துட்டாரா ஆத்தா?" என்றுதான்.

அண்ணன் கண்ணை மூடிய பிறகு அத்தான் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியோடு சுவரில் சாய்ந்து படம் எடுத்து, "மலர்ல முழுப் பக்கம் போடு" என்று அனுப்பினார். வெட்கம் கெட்ட ஜென்மம்!

மருத்துவமனையில் துணையிருந்த டெண்டாய்க்கும், உடலை ஊருக்கு அனுப்ப அலைந்த ரூம் தோழர்களுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். அத்தானுக்கும் நன்றி, அவர் அனுப்பிய படம் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. அவரை மட்டும் வெட்டிவிட்டேன்.