திறக்காத வால்வு

மாமியார் வீட்டுத் தொழுவத்துச் சாணியை வாளியில் அள்ளிக்கொண்டு வேலைக்குப் போகிற மருமகளை ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தது. சுகுணா அதைச் சட்டை செய்யவில்லை. ஓசூர்ப் பக்கம், ஊர்ச் சாக்கடையைச் சுத்தம் செய்து தென்பெண்ணையில் விடும் நிலையத்தில் அவள் ஆபரேட்டர். அங்கே காற்று ஊதும் பெரிய தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றன. அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பவை அவைதான். அவை பெருக வேண்டும் என்று சாணியும் வெல்லமும் கரைத்து ஊற்றி, பச்சைப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாள் அவள். ஆற்றில் நுரை அடங்கியதும், "எங்க மருமவ தண்ணி" என்று நாகம்மா தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள். லேசில் யாரையும் மெச்சாத மாமியார் அவள்.

வினை அந்தப் பெருமையில்தான் வந்தது. நுரைக்குப் பயந்து ஆற்றுப் பக்கமே போகாதிருந்த ஊர், இந்த ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றில்தான் முழுகுவது என்று முடிவு கட்டியது. முழுகிச் சாமி கும்பிட்டு, அதே தண்ணீரைத் தீர்த்தமாக ஒரு வாய் குடிப்பது அவர்கள் வழக்கம். இது வயலுக்கு ஆகும், வாய்க்கு ஆகாது என்று சுகுணா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். "நீ சுத்தம் பண்ணித்தான உடற?" என்று நாகம்மா அவள் வாயை அடைத்துவிட்டாள்.

பண்டிகையன்று சுகுணாவுக்குக் காலை ஷிப்ட். உடன் யாருமில்லை. சாக்கடை உள்ளே வரும் சல்லடையில் கருநீலமாக ஏதோ பொங்கியது. மூக்கைப் பிய்க்கும் நெடி. எவனோ டேங்கர் லாரிக்காரன் கம்பெனிக் கழிவை மேன்ஹோலில் கவிழ்த்திருக்கிறான். கட்டையில் போகிறவன் என்று வாய்விட்டுத் திட்டினாள். மழையில் முன்தொட்டி ஏற்கெனவே தளும்பியது, பிடித்து வைக்க இடமில்லை.

இன்ஜினியர் ராஜேஷ்குமார் போனில் பதறினார். "பைபாஸ் வால்வத் தொறந்துடும்மா. தொட்டிக்குள்ள போச்சுன்னா கிருமி அத்தனையும் செத்துரும். மறுபடி வளர்க்கற வரைக்கும் ஊர்ச் சாக்கடை மொத்தமும் ஆத்துலதான்."

அவர் சொன்னதில் தப்பில்லை. வால்வைத் திறந்தால் விஷம் தொட்டிக்குப் போகாமல் நேரே ஆற்றில் இறங்கி, ஒரு வேளையோடு போய்விடும். ஆனால் அந்த வேளையில்தான் மொத்த ஊரும் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. குழாய் ஆற்றில் சேரும் இடமோ அவர்கள் குளிக்கும் துறைக்குச் சற்று மேலே. கணவன் மாதேஷுக்குப் போன் அடித்தாள். நாத்தனார் சரிதாவுக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. எல்லோருடைய போனும் கழற்றி வைத்த துணிக்குள் கரையில் கிடக்கும். சுகுணாவின் குழந்தை ஸ்வாதி பாட்டியின் இடுப்பில் இருப்பாள். முதல் வாய்த் தீர்த்தம் குழந்தைக்குத்தான் என்பது சுகுணாவின் நினைவுக்கு வந்தது.

வால்வுச் சக்கரத்தில் வைத்த கையை எடுத்தாள். கருநீலத் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கியது. பழுப்பாக இருந்த தொட்டி மதியத்துக்குள் சாம்பல் பூத்து, கைப்பிடிக் கம்பி வரை நுரைத்தது. வளர்த்ததைத் தன் கையாலேயே கொன்றுவிட்டேனே என்று சுகுணா அழுதாள்.

கீழே பண்டிகை ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. சில நாட்களில் ஆறு நாறத் தொடங்கியது. தக்காளி வயல் வாய்க்காலில் நுரை ஏறியது. பிளான்ட்டுக்காரர்கள் தூங்கிவிட்டார்கள் என்று ஊர் தூற்றியது. நாகம்மா சோற்றைப் போட்டபடியே கேட்டாள்:

"எந்த நாசமாப் போறவன் இப்பிடிப் பண்ணுனான்? பேரச் சொல்லு."

நடந்ததை அறிந்த மாதேஷ் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான்.

"நான்தான் அத்த. வால்வத் தொறந்திருந்தா கம்பெனி வெஷம் அன்னிக்கே ஆத்தோட போயிருக்கும், ஆறு இந்நேரம் தெளிஞ்சிருக்கும். அப்ப நீங்க ஸ்வாதிக்குத் தலைக்கு ஊத்திக்கிட்டு இருந்தீங்க."

நாகம்மா, தூங்கப் போன குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அதன் உச்சந்தலையைத் தடவியபடி உட்கார்ந்திருந்தாள்.

காலையில் சுகுணா வண்டியை எடுக்க வந்தபோது வாளி நிறையச் சாணி இருந்தது. பக்கத்தில் இன்னொரு வாளியும் இருந்தது. நாகம்மா அடுத்த வீட்டுத் தொழுவத்திலும் கேட்டு அள்ளி வந்திருந்தாள்.